குழாய்க்குள்ளே ஒரு தார் ரோடு

கொடைக்கானல்னா நமக்கெல்லாம் என்ன? ரெண்டு நாள் லீவு, ஏரியைச் சுத்தி ஒரு சைக்கிள் ரவுண்டு, தூண் பாறைக்கு முன்னாடி நின்னு ஒரு போட்டோ (பின்னாடி தூணும் தெரியாது, பாறையும் தெரியாது, வெறும் பனிதான் தெரியும்), அரைக்கிலோ சாக்லேட், கிளம்பு. குளிர்ங்கிறது நமக்குக் காசு குடுத்து வாங்குற சமாச்சாரம்.

அங்கேயே குடியிருக்கிறவங்களைக் கேட்டுப் பாருங்க. டப்பாவில உப்பு கட்டியாயிருக்கும். தோய்ச்ச துணி மூணு நாளானாலும் காயாது. பீரோவில வெச்ச பெல்ட்ல பூஞ்சை பூத்திருக்கும். ஊர் இருக்கிறது ஏறக்குறைய 7000 அடி உயரத்துல. டிசம்பர், ஜனவரி ராத்திரியில 10 டிகிரிக்குக் கீழே போறது சர்வ சாதாரணம். ஆனா குளிரை விட ஈரம்தான் ஆளைக் கொல்லும்.

எங்க மாமா (அம்மாவோட அண்ணன்) ரிட்டையர் ஆனதும் நாயுடுபுரம் பக்கம் ஒரு சின்ன வீட்டை வாங்கி அத்தையோட அங்கேயே போய் செட்டில் ஆயிட்டார். "மாப்ள, இனிமே ஃபேன் சத்தமே காதுல விழக்கூடாது"ன்னு சபதம். முதல் குளிர்காலத்துலயே அத்தைக்கு மூட்டுவலி ஆரம்பிச்சிருச்சு. காலையில எழுந்தா முட்டி மடங்காது. ரூம் ஹீட்டர் போட்டா கரண்ட் பில் எகிறும். மழை பெய்ஞ்சா கரண்டே இருக்காது. அதனால 2024 நவம்பர்ல ஒரு விறகு அடுப்பு வாங்கி ஹால்ல வெச்சாங்க. காஷ்மீர், ஹிமாச்சல் பக்கம் புகாரின்னு சொல்வாங்களே, அந்த மாதிரி. கதவு வெச்ச இரும்புப் பெட்டி, காத்து விடுறதுக்கு கீழே ஒரு தகடு, மேல 5 இஞ்ச் இரும்புக் குழாய். குழாய் ஜன்னலுக்கு மேல சுவரைத் துளைச்சு வெளியே போய், அங்கேருந்து கூரைக்கு மேல ஏறும்.

இதுல நான் எங்கே வந்தேன்னு கேக்கறீங்களா? அதான் கதையே.

தீபாவளி முடிஞ்சு ஒரு வாரம் அங்கேருந்தே பொட்டி தட்டலாம்னு லேப்டாப்போட போயிருந்தேன். மாமா சாயந்திரம் 6 மணிக்கு அடுப்பு பத்த வெச்சா 10 மணி வரைக்கும் நல்லா கொழுந்து விட்டு எரியும். ஒரு ராத்திரிக்கு 18 கிலோ விறகு. நமக்குத்தான் எந்த நம்பரைப் பார்த்தாலும் கை அரிக்குமே! எக்ஸெல் ஷீட் ஒண்ணைத் திறந்தேன். ரெண்டு நாள் ஆராய்ச்சி. கண்டுபிடிப்பு என்னன்னா, பெரிய கட்டையா நாலு போட்டு, பத்திக்கிட்டதும் காத்துத் தகட்டை முழுசா மூடிட்டா நெருப்பு மெதுவா புகைஞ்சுக்கிட்டே இருக்கும். காலையில 6 மணிக்கும் உள்ளே கங்கு இருக்கும். செலவு வெறும் 11 கிலோ!

"பாருங்க மாமா, நாப்பது பர்சன்ட் சேவிங்ஸ்."

"படிச்ச புள்ளைன்னா சும்மாவா" என்றார் மாமா. அத்தை மட்டும், "ஏய்யா, வீட்டுக்குள்ள முன்ன மாதிரி சூடு இல்லியே" என்றார். "அத்தை, அது உங்களுக்கு அப்படித் தோணுது"ன்னு சொல்லிட்டு ஊருக்கு வந்து சேர்ந்தேன். ஒரு யூசர் கம்ப்ளெயின்ட்டை இதை விட அலட்சியமா நான் ஆபீஸ்ல கூட மூடினது இல்லை.

டிசம்பர் கடைசியில மாமா போன் பண்ணினார். குழாய் சுவரைத் துளைக்கிற இடத்துல கறுப்பா ஏதோ வழியுதாம். "மழைத்தண்ணி இறங்குது போல மாப்ள. ஆனா பிசுபிசுன்னு இருக்கு. ஒரு மாதிரி ரயில்வே ஸ்டேஷன் வாசனை வருது." நானும் "சிமெண்ட் வெச்சு அடைச்சிருங்க மாமா"ன்னு ஒரு சொல்யூஷன் குடுத்தேன். அடைச்சார்.

அந்த ரயில்வே ஸ்டேஷன் வாசனைய அன்னிக்கே யோசிச்சிருக்கணும்.

பொங்கலுக்கு எல்லாரும் மேலே போயிருந்தோம். அம்மாச்சியும் வத்தலக்குண்டுல இருந்து வந்திருந்தார். போகி அன்னிக்குச் சாயந்திரம் ஒரே மூடுபனி, தூறல். வெளியே எதையும் கொளுத்த முடியாது. சரி, சாஸ்திரத்துக்கு அடுப்புலயே போட்டுரலாம்னு உடைஞ்ச முறம், பழைய கோரைப்பாய், ரெண்டு விளக்கமாறு, அட்டைப்பெட்டி எல்லாத்தையும் மடிச்சு உள்ளே திணிச்சு, காத்துத் தகட்டை முழுசா திறந்து விட்டேன். ரெண்டு மாசமா புகைஞ்சே கிடந்த அடுப்பு குப்புனு பத்திக்கிச்சு.

ரெண்டு நிமிஷம் இருக்கும். குழாய்க்குள்ள இருந்து ஒரு சத்தம். மொதல்ல லாரி தூரத்துல மேடு ஏறுற மாதிரி இருந்துச்சு. அப்புறம் அந்த லாரி வீட்டுக்குள்ளயே வர்ற மாதிரி. குழாய் நடுங்குது. முழங்கை மாதிரி திரும்புற இடம் மங்கலா செவந்து, பாத்துக்கிட்டு இருக்கும்போதே ஆரஞ்சு கலருக்குப் போகுது. வெளியே பக்கத்து வீட்டுப் பசங்க கை தட்டுறாங்க. எங்க கூரைக்கு மேல மத்தாப்பு மாதிரி பொறி பறக்குதாம். நாங்க போகிக்கு வாணம் விடுறோம்னு நினைச்சிருக்காங்க.

மாமா பக்கெட் தண்ணியோட ஓடி வந்தார். நான் என்ன பண்ணினேன்? ஒண்ணுமே பண்ணலை. பேந்தப் பேந்த நின்னேன். அத்தைதான் கிடுக்கியால அடுப்புக் கதவைத் தள்ளிச் சாத்தி, காத்துத் தகட்டையும் மூடிட்டு, "எண்ணெய்ச் சட்டி தீப்பிடிச்சா மூடி போடுவமா, தண்ணி ஊத்துவமா? எல்லாரும் வெளிய போங்க"ன்னு கத்தினார். அம்மாச்சியைத் தூக்காத குறையா வெளியே கூட்டிட்டுப் போனோம். 101க்கு போன் பண்ணினோம். வண்டி வந்து சேர்றதுக்குள்ள சத்தம் அடங்கிருச்சு. வந்தவங்க கூரையெல்லாம் ஏறிப் பார்த்துட்டு, குழாயைப் பிரிச்சுப் பார்க்காம இனிமே பத்த வைக்காதீங்கன்னு சொல்லிட்டுப் போனாங்க.

மறுநாள் காலையில பொங்கல் பானைக்கு மஞ்சக்கொத்து கட்டினப்பதான் மாமா ஜன்னலைக் காட்டினார். குழாய்க்குப் பக்கத்துல இருந்த மரச்சட்டம் ஒரு சாண் நீளத்துக்குக் கரியாயிருந்துச்சு. இன்னும் ஒரு அஞ்சு நிமிஷம் எரிஞ்சிருந்தா கூரைக்கட்டை பிடிச்சிருக்கும். ராத்திரி எல்லாரும் தூங்குறப்ப நடந்திருந்தா? அம்மாச்சி படுத்திருந்தது அந்த ஜன்னலுக்கு நேர் கீழே. அதுக்கு மேல என்னால யோசிக்க முடியலை.

சத்தியமா சொல்றேன், அன்னிக்குப் பொங்கல் தொண்டையில இறங்கலை.

குழாயைக் கழட்டி வாசல்ல போட்டுப் பார்த்தோம். எரிஞ்ச பகுதி பொரி மாதிரி உப்பி உதிர்ந்துச்சு. எரியாத பகுதியில உள்சுவர் முழுக்க கறுப்பா, பளபளன்னு, புதுசா போட்ட தார் ரோடு மாதிரி ஒரு பூச்சு. 5 இஞ்ச் குழாயில மூணு விரல் நுழையுற அளவுக்குத்தான் வழியே இருந்துச்சு. சுத்தியலால தட்டினாலும் போகலை.

இதுக்குப் பேர்தான் கிரியோசோட். விறகு எரியுதுன்னு நாம சொல்றோம், உண்மையில சூட்டுல விறகுல இருந்து ஆவி கிளம்புது. அந்த ஆவிதான் கொழுந்தா எரியுது. அது முழுசா எரியணும்னா உள்ளே 600 டிகிரி வாக்குல சூடு வேணும், காத்தும் வேணும். ரெண்டுல எது குறைஞ்சாலும் ஆவி எரியாம அப்படியே புகையா மேலே போகும். அந்தப் புகையில தண்ணியும் தார்ச்சத்தும் கலந்து இருக்கு. குழாய்க்குள்ள சூடு 120 டிகிரிக்குக் கீழே இறங்கினா, குளிர்ந்த டம்ளர் மேல முத்து முத்தா தண்ணி பிடிக்கிற மாதிரி, அது உள்சுவர்ல படியுது. மொதல்ல ஒட்டடை மாதிரி உதிரியா இருக்கும், பிரஷ் போட்டா போயிரும். அப்புறம் கறுப்புச் செதிலா மாறும். அதுக்கும் மேல விட்டா கண்ணாடி மாதிரி இறுகிடும். அது வெறும் அழுக்கு இல்லீங்க, எரிபொருள். ஒருநாள் பெரிய கொழுந்து உள்ளே ஏறினா பத்திக்கும். பத்தினா குழாய்க்குள்ள 1000 டிகிரியைத் தாண்டக்கூட வாய்ப்பு இருக்கு.

அதாவது நான் எக்ஸெல்ல காமிச்ச அந்த 7 கிலோ சேவிங்ஸ் மிச்சமே ஆகலை. அதுல ஒரு பங்கு எரியாத புகையா வெளியே போயிருக்கு. ஒரு பங்கு தாரா மாறி குழாய்க்குள்ள டெபாசிட் ஆயிருக்கு. அத்தை "சூடு இல்லியே"ன்னு சொன்னது நூத்துக்கு நூறு சரி. விறகுல இருந்த சூட்டை நான் எரியவே விடலை.

பேர்க்கதை ஒண்ணு சொல்லணும். 1832ல கார்ல் ரைஹன்பாக்னு ஒரு ஜெர்மன் வேதியியல்காரர் மரத்தார்ல இருந்து இதைப் பிரிச்சு எடுத்தார். இறைச்சி கெடாம காப்பாத்துதுன்னு, மாமிசம், காப்பான் என்கிற ரெண்டு கிரேக்கச் சொல்லைச் சேர்த்துப் பேர் வெச்சார். அப்புறம் நிலக்கரித் தார்ல இருந்து எடுத்த இன்னொரு வகையைத் தண்டவாளத்துக்கு அடியில போடுற மரக்கட்டைகள் உளுத்துப் போகாம இருக்கப் பூசினாங்க. மாமா சொன்ன ரயில்வே ஸ்டேஷன் வாசனை! மனுஷன் மூக்கால கண்டுபிடிச்சதை நான் சிமெண்ட் வெச்சு அடைக்கச் சொல்லியிருக்கேன். அவ்வ்வ்வ்.

இதுல எனக்கு ஒரு அற்ப ஆறுதல். 1973ல பெட்ரோலிய நெருக்கடி வந்தப்ப அமெரிக்காவுல ஏகப்பட்ட பேர் எண்ணெய் ஹீட்டரை விட்டுட்டு விறகு அடுப்புக்கு மாறினாங்க. காத்துப் புகாத இரும்பு அடுப்புகள் வித்துத் தீர்ந்துச்சு. அவங்களும் ராத்திரி முழுக்க எரியணும்னு கட்டையைத் திணிச்சுக் காத்தை அடைச்சாங்க. சிம்னி தீ விபத்துகள் பெருகுச்சு. கடைசியில 1988ல அந்த நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, புது விறகு அடுப்புகள் இவ்வளவுதான் புகை விடலாம்னு வரம்பு போட்டுச்சு. அரை நூற்றாண்டுக்கு முன்னாடியே ஊரெல்லாம் பண்ணி முடிச்ச தப்பைத்தான் நான் நாயுடுபுரத்துல புதுசா கண்டுபிடிச்சிருக்கேன்.

கொடைக்கானலோட பழைய பங்களாக்கள்ல இந்தப் பிரச்சினை இவ்வளவு இருந்திருக்காது. 1845ல மதுரையில இருந்த அமெரிக்க மிஷனரிங்க வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் பயந்து மேலே ஏறி முதல் வீடுகளைக் கட்டினாங்க. அப்புறம் வந்த பங்களாக்கள்ல இருந்ததெல்லாம் திறந்த கணப்பு. அதுல காத்தை அடைக்க வழியே கிடையாது. சூட்டுல பெரும்பகுதி சிம்னி வழியா வீணாப் போகும், ஆனா கொழுந்து மூச்சு முட்டாது. மூடி வெச்ச அடுப்பு அதை விடப் பல மடங்கு சிக்கனம்தான், சந்தேகமே இல்லை. ஆனா காத்தை நம்ம கையில குடுத்திருது. அந்தக் கை என்னை மாதிரி ஆளோட கையா இருந்தா போச்சு.

சரி, அடுத்த பிரச்சினைக்கு வருவோம். இதுதான் எனக்கு இன்னும் பயம் குடுத்தது.

கனுப் பொங்கல் அன்னிக்கு மாமா ஒரு முடிவோட வந்தார். "இந்தச் சனியனைத் தூக்கி எடைக்குப் போட்டுருவோம். ஒரு இரும்புச் சட்டியில கரியைப் போட்டுக் கங்காக்கி ரூம்ல வெச்சுக்கிட்டாப் போதும். புகையும் இல்ல, குழாயும் இல்ல." அவர் சொல்றது நியாயமாத்தான் தோணும். கரிக்கங்குல புகை வராது. புகை வராததுனாலதான் அது ஆபத்து. கங்குல இருந்து வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. ரத்தத்துல ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்துல அதை விட 200 மடங்குக்கு மேல கெட்டியா ஒட்டிக்கும். தூங்கிக்கிட்டு இருக்கிறவன் எழுந்திருக்க மாட்டான்.

அதுக்கு அஞ்சு மாசம் முன்னாடிதான், 2024 ஆகஸ்ட்ல, கொடைக்கானலுக்குச் சுத்திப்பார்க்க வந்த திருச்சிப் பசங்க ரெண்டு பேர், பார்பிக்யூ அடுப்பை அறைக்குள்ள வெச்சுட்டுத் தூங்கி இறந்து போயிருந்தாங்க. பேப்பர்ல வந்துச்சு. மாமாவும் படிச்சிருந்தார். ஆனா "அது வேற, இது வேற"ன்னு நினைச்சிருக்கார். நாம எல்லாரும் அப்படித்தானே நினைக்கிறோம்?

ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினேன். நான் சொல்றதை அவர் ஏன் கேக்கணும்? முந்தாநாள் வரைக்கும் நாப்பது பர்சன்ட் சேவிங்ஸ்னு சொன்னவன்தானே நான். கடைசியில "மாமா, புகை வர்ற நெருப்பு இருமவாவது வெச்சுச் சொல்லிட்டுக் கொல்லும், இது சொல்லாமக் கொல்லும். தப்பு அடுப்பு மேல இல்லை, என் மேல. ஒரு வருஷம் டைம் குடுங்க"ன்னேன். அத்தைதான் பஞ்சாயத்து பண்ணினார். "புள்ள ஒத்துக்கிட்டான்ல. விடுங்க."

அந்த வருஷக் குளிர் முடியற வரைக்கும் ரூம் ஹீட்டர்தான். பில்லைப் பார்த்தா கண்ல தண்ணி வந்துரும். என் காசு.

வாசல்ல கிடந்த குழாயைப் பார்த்துட்டு அம்மாச்சி ஒண்ணு சொன்னார். "ஏன் ராசா, அடுப்புக்கு ஊதாங்குழல் எதுக்கு வெச்சிருந்தோம்? ஊதுறதுக்கா, அடைக்கிறதுக்கா?" நான் வாயைத் திறக்கலை. அவரோட காலத்துல சோறு வடிச்சு இறக்கினதும் பானையோட அடிய பார்ப்பாங்களாம். ஈர விறகு வெச்ச மருமக யாருன்னு பானை சொல்லிடுமாம். அடிக்கு மண்ணோ சாம்பலோ பூசி வைக்கிறது, கரி ஒட்டாம ஈஸியா கழுவி விடத்தான். அடுப்புக்கு மேல பரண் இருக்கும். நாளைக்கு எரிக்கிற விறகு இன்னிக்கு அடுப்புச் சூட்டுலயே அங்கே காயும். இஞ்சினியரிங் காலேஜ்ல நாலு வருஷம் எனக்கு யாரும் சொல்லித் தராத சிஸ்டம் டிசைன்.

அவர் சொன்ன இன்னொரு பாதி, விறகு கொண்டு வர்ற தாத்தாகிட்ட கிடைச்சுது. "நவம்பர் மழையில வாங்குன கட்டை தம்பி அது. எடை போட்டுத் தண்ணியை வாங்கிருக்கீங்க" என்றார். பச்சை மரத்துல எடையில பாதி வரைக்கும் தண்ணி இருக்கும். 30 கிலோ வாங்கினா ஒரு குடம் தண்ணிக்கும் சேர்த்துக் காசு. அந்தக் குடத்தை அடுப்புதான் கொதிக்க வெச்சு ஆவியாக்கணும். அடுப்பு சூடாகறதுக்கு பதிலா விறகைத் துவட்டிக்கிட்டு இருக்கும். எரிக்கிறப்ப ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கணும்.

அங்கே விறகுன்னா பெரும்பாலும் வாட்டில், இல்லாட்டி யூகலிப்டஸ். ரெண்டும் ஆஸ்திரேலியாவுல இருந்து வந்த மரம். வெள்ளைக்காரங்க விறகுக்காகன்னே மலையில நட ஆரம்பிச்சு, பின்னாடி காகிதத்துக்கும் ரேயானுக்கும் கூழ்மரமாத் தோட்டம் தோட்டமா வளர்த்து, பழனி மலையோட புல்வெளியும் சோலையும் நிறைய இடத்துல அதுக்குள்ள மறைஞ்சு போச்சு. ரெண்டும் கனமான மரம், சீக்கிரம் காயாது. பைன்ல பிசின் இருக்கு, அதனாலதான் தார் பிடிக்குதுன்னு ஊர்ல ஒரு நம்பிக்கை. காய்ஞ்ச பைனைக் காத்து விட்டு எரிச்சா பெரிசா ஒண்ணும் ஆகாது. காயாத வாட்டிலை மூடி வெச்சு எரிச்சா கண்டிப்பா ஆகும். மரத்தோட ஜாதி ரெண்டாம்பட்சம், ஈரமும் காத்தும்தான் மேட்டர்.

அந்த ஒரு வருஷத்துல நாங்க பண்ணினது இதுதான்:

1. விறகை அடுத்த குளிருக்கு இப்பவேங்கிற கணக்குல பிப்ரவரியிலயே வாங்கினோம். கொடைக்கானல்ல நல்ல வெயில் கிடைக்கிறது மே வரைக்கும்தான். பச்சையா இருக்கும்போதே கைக்கட்டை மொத்தத்துக்குப் பிளந்தாச்சு. யூகலிப்டஸ் காய்ஞ்சுட்டா கோடாலி எகிறும்.

2. தரையில படாம ரெண்டு கட்டை மேல அடுக்கி, உச்சிக்கு மட்டும் தகரம். சுத்தியும் தார்ப்பாய் போட்டு மூடினா அது காயறதில்லை, புழுங்குது. மாதிரிக்கு நாலு கட்டையில நம்பர் எழுதி மாசா மாசம் எடை போட்டேன். (எக்ஸெல் ஷீட் எதுக்காவது உதவணுமே!) எடை குறையறது நின்னா காய்ஞ்சாச்சு. எடை போட முடியாதவங்க ரெண்டு கட்டையைத் தட்டிப் பாருங்க. "டங்"னா சரி, "தொப்"னா இன்னும் தண்ணி.

3. குழாய் போற வழியை மாத்தினோம். பழைய குழாய் வெளியில போய்ப் பனியில நனைஞ்சு குளிர்ந்துச்சு. சூடு இறங்கினா புகை மேல ஏறுற வேகமும் குறையும். போதாததுக்கு அந்த உயரத்துல காத்தே கீழே இருக்கிறதை விட அஞ்சுல ஒரு பங்கு லேசு. இப்ப குழாய் அடுப்புல இருந்து நேரா ஹாலுக்குள்ளயே ஏறுது, வளைவு கிடையாது. கூரையைத் தாண்டுற இடத்துலயும் அதுக்கு மேலயும் ரெட்டைச்சுவர் குழாய், நடுவுல ராக்வுல். மரக்கட்டைக்கும் குழாய்க்கும் நல்ல இடைவெளி. உச்சி கூரையை விட 3 அடிக்கு மேல நிக்குது.

4. துண்டுக் குழாய்களைச் சேர்க்கும்போது மேல் துண்டோட வாய் கீழ்த் துண்டுக்குள்ள இறங்கணும். முன்னாடி தலைகீழா மாட்டியிருந்ததால தார் இணைப்பு வழியா வெளியே வழிஞ்சுது. ஒரு வகையில அந்தத் தப்பு நல்லது, நமக்கு எச்சரிக்கை குடுத்துச்சு. கேக்காதது நாங்க.

5. எரிக்கிற விதம். சின்ன நெருப்பு, ஆனா சூடான நெருப்பு. ரெண்டு மூணு சின்னக் கட்டை, காத்து திறந்து, மஞ்சளா கொழுந்து. அது கங்கானதும் அடுத்த ரெண்டு. காத்தைக் கொஞ்சம் குறைக்கலாம், கொழுந்து சாகிற வரைக்கும் குறைக்கக் கூடாது. ராத்திரி படுக்கும்போது கங்கு தணியட்டும், கம்பளி எதுக்கு இருக்கு? குழாய்ல காந்தம் வெச்சு ஒட்டுற தெர்மாமீட்டர் ஒண்ணு மாட்டியிருக்கு. முள்ளு 120க்கும் 240க்கும் நடுவுல நிக்கணும். அது இல்லாதவங்க வெளியே போய்க் குழாய் உச்சியைப் பாருங்க. பத்த வெச்ச கால் மணி நேரத்துக்கு அப்புறமும் கெட்டிப் புகை வந்தா தார் ரோடு வேலை நடக்குதுன்னு அர்த்தம்.

6. குளிர்காலத்துல மாசம் ஒரு தடவை குழாய்க்குள்ள டார்ச் அடிச்சுப் பார்க்கிறது. 3 மில்லிமீட்டர் படிஞ்சிருந்தா உடனே கம்பி பிரஷ். மூக்குக்கு மாஸ்க், கையுறை கட்டாயம். லண்டன்ல சிம்னிக்குள்ள இறங்கிச் சுத்தம் பண்ணின சின்னப் பசங்களுக்குப் பின்னாடி வந்த புற்றுநோய்க்கு அந்தக் கரிதான் காரணம்னு பெர்சிவல் பாட்ங்கிற டாக்டர் 1775லயே எழுதிட்டார். நாம அந்தக் கரியைத்தான் சுரண்டுறோம்.

7. கார்பன் மோனாக்சைடு அலாரம் ரெண்டு. ஹால்ல ஒண்ணு, படுக்கை ரூம்ல ஒண்ணு. ஜன்னல்ல ஒரு விரற்கடை எப்பவும் திறந்து.

திரும்ப குழாய்ல தீப்பிடிச்சா என்ன பண்ணணும்னு அத்தை கையால எழுதி அடுப்புக்குப் பக்கத்துல ஒட்டியிருக்கார்: கதவைச் சாத்து, காத்தை அடை, எல்லாரும் வெளிய, 101. தண்ணி ஊத்தாதே. கடைசி வரிக்குக் கீழே ரெண்டு கோடு. அது மாமாவுக்கு.

எக்ஸெல் கணக்கையும் சொல்லிடறேன். இப்ப ஒரு ராத்திரிக்கு 10 கிலோ ஆகுது. ஆமாங்க, நான் காத்தை அடைச்சு மூச்சு முட்ட வெச்சுக் காமிச்ச 11 கிலோவை விடக் கம்மி, வீடும் நல்லா கதகதன்னு இருக்கு. சேவிங்ஸ் எல்லாம் காய்ஞ்ச விறகுலதான் இருந்திருக்கு. நான் தப்பான நம்பரை அளந்துக்கிட்டு இருந்தேன். அடுப்புக்குள்ள போறதை எடை போட்டேன், குழாய்க்குள்ள போனதை எட்டிக்கூடப் பார்க்கலை. பில் வராத இடத்துல சேர்ற கடனை யார் பார்க்கிறாங்க? ஆபீஸ்ல பழைய கோடு திறக்கிறப்பெல்லாம் இப்ப அந்த ரயில்வே ஸ்டேஷன் வாசனை வருது.

இந்த வருஷம் போகிக்கும் போயிருந்தேன். அடுப்புல எதையும் கொளுத்தலை. அதுக்கு பதிலா காலையிலயே நானும் மாமாவும் குழாயைக் கழட்டி, கீழே பழைய பேப்பரை விரிச்சு, பிரஷ் போட்டோம். ஒரு குளிர்காலம் பாதி முடிஞ்சிருக்கு. மொத்தமா விழுந்தது ஒரு டம்ளர் சாம்பல் கலர் தூள். பளபளப்பே இல்லை. மாமா அதைக் கையில தட்டிப் பார்த்துட்டு, "ஏம் மாப்ள, இதை எத்தனை பர்சன்ட்டுனு போடுவ?"ன்னு கேட்டார். ஒரு வருஷமா சொல்லிக்காட்டுறார். சொல்லட்டும்.

அத்தை முட்டி மடக்கி உட்கார்ந்து கோலம் போட்டுக்கிட்டு இருந்தார். அம்மாச்சி இப்பவும் அந்த ஜன்னலுக்குக் கீழேதான் படுக்கிறார். கரிஞ்ச மரச்சட்டத்தை மட்டும் மாமா மாத்தலை. பெயிண்ட் கூட அடிக்கலை. ஏன்னு நானும் கேக்கலை.

டிஸ்கி: மலைக்கு டூர் போறவங்களுக்கு ஒரு வார்த்தை. ரூம்ல அடுப்பு இருந்தா, மேல புகை போற குழாய் இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா அடுப்பு வெளியே, நீங்க உள்ளே. குளிருதா? இன்னொரு கம்பளி கேளுங்க.